வெளிச்சம் பார்க்கப் போன முக்கால் மணித்தியாலம்

என் அம்மாவை லண்டனில் ஒரு பூங்காவின் வாங்குப் பலகையில் தனியே இருத்திவிட்டு நான் வெளிச்சம் பார்க்கப் போனேன். அவர் காணாமற் போனார். பதினோராம் நாள் இறந்தார். அந்தப் பழியை என் அண்ணையின் மனைவிமீது போட்டேன்.

இதுதான் நான் செய்தது.

இதை என் ஊரான இணுவிலில் ஒருவருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்... ஏன் உங்களுக்கு? உங்கள் முகத்தை நாளைக்குக் கோயில் வீதியில் காண வேண்டியதில்லை என்பதாலா? இருக்கலாம். ஒப்புக்கொள்ளும்போதும் கோழைத்தனத்துக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்துக்கொள்பவள் நான். அதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. மணமாகவில்லை. அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு மறதி வருத்தம் வந்து ஏழு வருடங்கள் நான்தான் பார்த்தேன். முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு அப்பா இறந்ததை மறந்தார். கடைசியில், உண்டோமா இல்லையா என்பதையே மறந்தார். நூலகத்தில் நான் பார்த்துவந்த வேலையை விட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கவும் முடியாது. “பிள்ளை... பிள்ளை...” என்று கூப்பிட்டுக்கொண்டு கிணற்றடிக்கு வந்து நிற்பார். நான் பதில் சொல்வேன். அடுத்த கணம் மறுபடியும், “பிள்ளை...”

இதை என் தரப்பு நியாயமாகச் சொல்லவில்லை. சொல்லவில்லையா? எனக்கே தெரியவில்லை... அந்த ஏழு வருடங்களைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை இன்னும் மோசமாக நினைத்துவிடுவீர்களோ என்ற பயம் இருக்கிறது. அதற்காகத்தான் சொன்னேன். எழுதியதை அழிக்கவும் மனமில்லை.

அண்ணை லண்டன் போய் இருபத்தைந்து வருடங்கள். அங்கே பஸ் ஓட்டுகிறார். அம்மா தன்னை முற்றாக மறந்துபோவதற்குள் ஒருமுறை தன் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அலைந்து திரிந்து எங்கள் இருவருக்கும் விசா எடுத்தார். நவம்பர் கடைசியில் போய் இறங்கினோம்.

அவருடைய மனைவி கௌரி எனக்கு மச்சாள். சாவகச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அதிகம் கதைக்க மாட்டார். நாங்கள் போன இரண்டாம் நாளே அம்மாவைக் குளிப்பாட்டும் வேலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“ஏழு வருசம் செய்தனீர். இஞ்சை நிக்கிற மட்டும் நான் செய்யிறன். நீர் கொஞ்சம் ஆறுதலாய் இரும்” என்றார்.

என் வாழ்நாளில் அப்படி எவரும் எனக்குச் சொன்னதில்லை! அந்த மனுசிக்குத்தான் நான் இதைச் செய்தேன்.

அப்போது மச்சாளுக்குக் கடைவாய்ப் பல்லில் கடும் வலி. கன்னம் வீங்கியிருந்தது. பல் வைத்தியரிடம் நேரம் கிடைப்பதற்கு வாரக்கணக்கில் காத்திருந்தார். கிடைத்தது நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, முந்திய சனிக்கிழமை பின்னேரம். வைத்தியரின் இடம் நகரின் நடுவே ஒரு பெரிய பூங்காவுக்கு அருகில்.

“நீரும் மாமியும் வாருங்கோவன். அங்கை நத்தாருக்கு லைற் எல்லாம் போட்டிருக்கிறாங்கள். நான் பல்லைக் காட்டிப்போட்டு வர, எல்லாரும் ஒண்டாய்ப் பாக்கலாம்” என்றார்.

அண்ணைக்கு அன்று வேலை. நாங்கள் மூவரும் போனோம்.

பின்னேரம் நான்கு மணிக்கே அங்கே இருண்டுவிடும். சுரங்க ரயில் நிலையத்திலிருந்து ஏறி வெளியே வந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன்... எப்படிச் சொல்வேன்! இலையில்லாத மரங்களின் ஒவ்வொரு கொப்பிலும் வெளிச்சம் சுற்றியிருந்தது. சிறு சிறு மரக்கடைகள் வரிசையாக, ஒவ்வொன்றின் கூரை விளிம்பிலும் வெளிச்சம். கடைகளுக்குப் பின்னால் வானத்தில் பெரிய இராட்டினம் ஒன்று நீலமாகவும் வெள்ளையாகவும் மெல்லச் சுழன்றது. சீனிப்பாகில் வறுத்த பாதாம் பருப்பு வாசம். எல்லோருடைய வாயிலிருந்தும் புகைபோல மூச்சு. பாட்டு.

சைவக்காரர் நாங்கள், நத்தார் எங்கள் பண்டிகை அல்ல. ஆனால் நான் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத வருடங்களில் வளர்ந்தவள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் பரீட்சைக்குப் படித்தவள். இவ்வளவு வெளிச்சம், ஒரு தேவையும் இல்லாமல், வெறுமனே அழகுக்காக எரிகிறதே என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

மச்சாள் எங்களை ஒரு வாங்கில் இருத்தினார். அம்மாவின் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார்.

“ராணி, நீர் மாமியோடை இதிலையே இரும். ஒரு மணித்தியாலத்திலை வந்திடுவன். கையை மட்டும் விட்டிடாதையும்.”

“ஓம் மச்சாள், நீங்கள் போட்டு வாருங்கோ.”

போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பத்து நிமிடம் இருந்திருப்பேன்.

அம்மா வெளிச்சத்தைப் பார்த்து, “பிள்ளை, இது என்ன திருவிழா? மஞ்சமே?” என்று கேட்டார்.

எங்கள் கந்தசுவாமி கோயிலில் சுவாமி மஞ்சத்தில் வரும் திருவிழாவை நினைத்துக் கேட்டார். ஆயிரம் தடவை செய்ததுபோல அன்றும் நான் அதைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வழி தெரிந்தது.

“ஓம் அம்மா, மஞ்சம்தான். நீங்கள் இதிலை இருங்கோ. சனமாய்க் கிடக்கு. நான் போய்ப் பாத்திட்டு ஓடி வாறன்.”

அம்மா தலையாட்டினார். நான் கையை எடுத்தேன். அவர் என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தார் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். இல்லை. உடனே விட்டுவிட்டார். என்னை நம்பினார்.

பத்து நிமிடம் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் யாரும் கூப்பிடாத தெருவில் நீங்கள் நடந்திருக்கிறீர்களா? நடந்திருப்பீர்கள்; உங்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்திராது. எனக்கு ஏழு வருடங்களின் பிறகு அதுதான் முதல் தடவை. என் கால் போன பக்கம் நான் போனேன். மரக்குதிரைகள் சுற்றுவதைப் பார்த்தேன். பனித்தரையில் பிள்ளைகள் வழுக்கி விழுந்து சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். இராட்டினத்துக்கு நின்ற வரிசையில் போய்ச் சேர்ந்தேன்.

இராட்டினத்தில் ஏறினேன்!

கூண்டுக்குள் என்னோடு ஓர் இளம் தம்பதி இருந்தார்கள். அந்தப் பெண் வறுத்த பருப்பு இருந்த கடதாசிச் சுருளை என் பக்கம் நீட்டினாள். ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டேன். உச்சிக்குப் போனதும் கூண்டு சற்று நின்றது. கீழே நகரம் முழுவதும் வெளிச்சம். கோட்டுப் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ‘மச்சாள்’ என்று இருந்தது. திருப்பிப் பைக்குள் வைத்தேன். மறுபடி அதிர்ந்தது. மூன்றாம் முறையும் அதிர்ந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் இது முடிந்துவிடும் என்று தெரியும்.

அங்கிருந்து குனிந்து தேடியிருந்தால் அந்த வாங்கு தெரிந்திருக்குமோ என்னவோ. நான் தேடவில்லை.

எனக்குச் சொல்ல மிகக் கடினமான பகுதி இதுதான். விட்டுவிட்டுப் போனதல்ல, பொய் சொன்னதுகூட அல்ல. அந்த முக்கால் மணித்தியாலம் நான் மகிழ்ச்சியாக இருந்தேன்... என் அறிவு தெரிந்த நாளிலிருந்து அப்படி இருந்ததில்லை. அம்மாவின் சாவை நினைக்கும்போதெல்லாம் அந்த மகிழ்ச்சியும் கூடவே வருகிறது. ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

இறங்கிய பிறகும் நான் ஓடவில்லை. கண்ணாடி உருண்டைகள் தொங்கிய ஒரு கடைக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வாங்கடியில் மச்சாள் மட்டும் நின்றார். வாயில் பஞ்சு; கன்னத்தில் கை. பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். விறைக்க ஊசி போட்டதில் அரைவாசி முகம் அசையவில்லை.

“மாமி எங்கை?” அந்த இரண்டு சொல்லும் எச்சிலும் இரத்தமுமாகத்தான் வந்தன.

“இதிலைதான் இருந்தவ... நான் பாத்ரூமுக்கு... இப்பதான்...”

அது முதற் பொய். அப்போது நான் யோசித்துச் சொல்லவில்லை. அடுத்ததை யோசித்துத்தான் சொன்னேன்.

தேடினோம். அந்தக் கூட்டத்துக்குள், அந்தப் பாட்டுச் சத்தத்துக்குள், “அம்மா! அம்மா!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். பொலிசாருக்குச் சொன்னோம். இரண்டு மணித்தியாலத்தின் பின் கண்டுபிடித்தார்கள். பூங்காவின் மறு அந்தத்தில், வெளிச்சம் எட்டாத ஒரு பக்கத்தில், பெரிய குளம் ஒன்று இருக்கிறது. நாயோடு நடக்கப்போன ஒருவர் கண்டிருக்கிறார்.

சப்பாத்துகளையும் காலுறைகளையும் கழற்றிக் கரையில் சோடியாக வைத்திருந்தார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

உங்களுக்கு விளங்குகிறதா? கோயிலுக்குள் போகுமுன் கால் கழுவ இறங்கியிருக்கிறார்! மஞ்சத் திருவிழா என்று நான்தானே சொன்னேன்!

அண்ணை பஸ் சீருடையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். அம்மா உள்ளே நினைவில்லாமல் கிடந்தார். நானும் மச்சாளும் நடையில் நின்றோம்.

“ஆர் அம்மாவோடை நிண்டது?” என்று கேட்டார்.

மச்சாள் வாயைத் திறந்தார். உதடு ஒரு பக்கம் இழுபட்டது. வார்த்தை உருவாகாமல் குழறியது. என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் முந்திக்கொண்டேன்.

“மச்சாள் வந்த பிறகுதான் அண்ணை நான் பாத்ரூம் போனனான். திரும்பி வந்து பாத்தா அம்மாவைக் காணேல்லை.”

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமான பார்வை அல்ல. ராணி பதற்றத்தில் ஏதோ மாறிச் சொல்லிவிட்டாள், இப்போதே திருத்திச் சொல்லுவாள் என்று காத்திருக்கிற பார்வை. காத்திருந்தார்... நான் நிலத்தைப் பார்த்தேன்.

அடுத்த நாள் வாய் சரியானதும் அவர் நடந்ததை அப்படியே அண்ணைக்குச் சொன்னார். தான் வந்தபோது வாங்கில் ஒருவரும் இல்லை என்றார். மூன்று முறை எனக்கு அழைத்ததைக் காட்டினார். “அம்மாவைத் துலைச்சுப்போட்டுத்தான் மச்சாள் எடுத்தவ” என்றேன் நான். பார்த்தீர்களா, எவ்வளவு இலேசாக வருகிறது! அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டியதையே அவருக்கு எதிராகத் திருப்பினேன்.

அண்ணை அவரைப் பார்த்துக் கத்தினார். “அப்ப என்ரை தங்கச்சி பொய் சொல்லுறாளோ? ஏழு வருசம் வைச்சுப் பாத்தவள் ஒரு மணித்தியாலம் பாக்கமாட்டாளோ?”

என் ஏழு வருடங்கள் எனக்கு அன்றைக்குத்தான் உதவின.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அம்மாவுக்குச் சற்று நினைவு திரும்பியது. நெஞ்சு முழுக்கச் சளி. நானும் அண்ணையும் கட்டிலடியில் நின்றோம். மச்சாள் சூப்புப் போத்தலோடு கதவடியில் நின்றார். உள்ளே வரவில்லை.

“பிள்ளை இருக்கச் சொன்னவ” என்றார் அம்மா. “மஞ்சம் பாக்கப் போட்டா. இன்னும் வரேல்லை.”

அண்ணை குனிந்தார். “எந்தப் பிள்ளை அம்மா?”

அம்மாவுக்கு நானும் பிள்ளைதான், மச்சாளும் பிள்ளைதான். பெயர்கள் அவரிடமிருந்து போய் நெடுநாள். அவருடைய கண் எங்கள் மூவரிலும் அலைந்தது. ஒருவரிலும் நிற்கவில்லை.

“மச்சாளைத்தான் சொல்லுறா” என்றேன்.

பெற்றவளின் கடைசிச் சாட்சியத்தையும் திரித்தேன்! இதைவிடக் கீழே இறங்க இடம் இருக்கிறதா? இருந்தது. சொல்கிறேன்.

அம்மா அங்கேயே இறந்தார். அங்கேயே எரித்தார்கள். சாம்பலை அண்ணையும் நானும் கொண்டுவந்து கீரிமலைக் கடலில் கரைத்தோம். மச்சாளை வர வேண்டாம் என்று அண்ணை சொல்லிவிட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்த சனம் முழுவதும் என் கையைப் பிடித்து அழுதது. “கண்ணுக்குள்ளை வைச்சுப் பாத்த பிள்ளை... உன்னட்டை இருந்திருந்தால் மனுசி இன்னும் இருந்திருக்கும்” என்றார் உடுவிலிலிருந்து வந்த சின்னம்மா. நான் அழுதேன். உண்மையாகவே அழுதேன். அதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

அண்ணை திரும்பிப் போனார். அந்த வீட்டில் இருவரும் வெவ்வேறு அறைகளில் ஒரு வருடம் வாழ்ந்தார்கள். “அவளோடை கதைக்க எனக்கு வாய் வரேல்லை தங்கச்சி” என்று அண்ணை தொலைபேசியில் சொல்வார். அந்த ஒரு வருடத்தில் எந்த நாளில் சொல்லியிருந்தாலும் போதும். ஒரு வசனம்! ஏன் சொல்லவில்லை? அண்ணை என்னை வெறுப்பார் என்றா? ஊர் என்ன சொல்லும் என்றா? அல்லது, அந்த முக்கால் மணித்தியாலத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்ல வேண்டி வருமே என்றா?

இப்போது யாழ்ப்பாண நகரத்திலும் டிசெம்பர் வந்தால் கடைகளின் முகப்பில் மின்குமிழ் மாலைகள் தொங்குகின்றன. பஸ்சில் போகும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பொய். பார்க்கிறேன். இன்னும் பிடித்திருக்கிறது.

முதலாம் வருட ஆட்டைத் திவசத்துக்கு அண்ணை வந்தார். மச்சாளும் வந்தார், ஆனால் தனியாக. சாவகச்சேரியில் தன் தாய் வீட்டில் தங்கி, அங்கிருந்து பஸ் ஏறி வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். படலையைத் திறந்து அவர் உள்ளே வந்தபோது முற்றத்தில் கதை நின்றது.

“உவள் என்ன முகத்தோடை வந்தவள்?” என்று சின்னம்மா அவருக்குக் கேட்கும்படியே சொன்னார்.

மச்சாள் நேரே குசினிக்குள் போனார். படையலுக்கு மரக்கறி வெட்டினார். பாத்திரம் கழுவினார். எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, குசினியில் நான் தனியே நின்றபோது வந்து கதவைச் சாத்தினார்.

“ராணி, ஒண்டு கேக்கிறன். உம்மடை அண்ணைக்குச் சொல்ல வேண்டாம். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். எனக்கு மட்டும் சொல்லும்.”

“என்ன மச்சாள்?”

“நான் வரேக்கை மாமி அந்த வாங்கிலை இருந்தவவோ?”

நான் கழுவிய பாத்திரம் ஒன்றை எடுத்துத் துடைத்தேன்.

“ஒரு வருசமாய் எல்லாரும் சொல்லச் சொல்ல, எனக்கே இப்ப சந்தேகமாய்க் கிடக்கு. ஊசி போட்ட மயக்கம் இருந்தது. நித்திரையிலை மாமி அதிலை இருக்கிறமாதிரியும், நான் பேசாமல் நிக்கிறமாதிரியும் காணுறன். மாமிக்கு வந்த வருத்தம் எனக்கும் வந்திட்டுதோ எண்டு பயமாய்க் கிடக்கு ராணி. நான்தான் மறந்துபோனனோ? நீர் சொன்னால் நம்புவன்.”

அவர் என்னைக் குற்றம்சாட்ட வரவில்லை. தன் புத்தி சரியாக இருக்கிறதா என்று கேட்க வந்திருந்தார். ‘இல்லை மச்சாள்’ என்ற இரண்டே சொல். கதவு சாத்தியிருந்தது. வேறு ஒருவரும் இல்லை. அவர் யாருக்கும் சொல்லியிருக்கமாட்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

“ஓம் மச்சாள்” என்றேன். “நீங்கள் வரேக்கை அம்மா இருந்தவ.”

இதுதான் நான் சொன்ன அந்தக் கீழான இடம். ஆஸ்பத்திரியில் சொன்னதற்குப் பயம் காரணம் என்று சொல்லலாம். இதற்கு என்ன காரணம் சொல்வேன்?

அவர் தலையாட்டினார். “ஓம்... அப்பிடித்தான் இருக்கும்” என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, நேரே அண்ணையிடம் போனார்.

அன்று பின்னேரம் அண்ணை என்னிடம் வந்து அழுதார். “அவள் ஒத்துக்கொண்டிட்டாள் தங்கச்சி. இவ்வளவு நாளும் ஒத்துக்கொள்ளாததுதான் எனக்குக் கோபம். இப்ப எனக்கு மனம் ஆறிப்போச்சு. நீயும் மன்னிச்சிடு.” இருவரும் ஒன்றாகத்தான் லண்டனுக்குத் திரும்பினார்கள். இப்போது ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள்; ஒன்றாகக் கோயிலுக்குப் போகிறார்கள்.

நீங்கள் சொல்வீர்கள்: இனிச் சொன்னால் அந்தக் குடும்பம் மறுபடி குழம்பும், விட்டுவிடு என்று. நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். எவ்வளவு வசதியான காரணம்! மச்சாள் மறதிக்கு மருந்து கேட்டு வைத்தியரிடம் போய்வருகிறாராம். வருத்தம் ஒன்றும் இல்லை என்று வைத்தியர் சொன்னதை அவர் நம்பவில்லையாம். அதை அறிந்த பின்னும் வாயைத் திறவாமல் இருப்பவளுக்கு, குடும்பம் குழம்பும் என்ற கவலை எங்கிருந்து வந்தது?

எழுதிவிட்டேன். மச்சாளுக்கு அனுப்பமாட்டேன். அனுப்பமாட்டேன் என்று எழுதும்போதே கை நடுங்கவில்லை என்பதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மச்சாள் தொலைபேசி எடுக்கிறார். சுகம் கேட்பார். சாப்பாடு கேட்பார். வைப்பதற்கு முன் குரல் இறங்கிவிடும்.

“மாமியை விட்டிட்டன் ராணி. உம்மட்டை எத்தினை தரம் கேட்டாலும் காணாது. என்னை மன்னிச்சிட்டீரே?”

“மன்னிச்சிட்டன் மச்சாள். அதை விடுங்கோ” என்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் சொன்னேன்.